வண்டு தின்ற முன்னெச்சரிக்கை

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில், வேளச்சேரியில் எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. சம்ப்பில் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில்) சாக்கடை கலந்துவிட்டது. அந்தப் பயத்தில் 25 கிலோ அரிசி மூட்டை வாங்கிப் போட்டேன். ஆவணியில் பிரித்தால் வண்டு ஊர்கிறது, கையை விட்டால் மாவு மாவாக ஒட்டுகிறது.

முறத்தில் புடைத்து நிழலில் உலர்த்தினேன் (சுள்ளென்ற வெயிலில் போட்டால் அரிசி உடையும் என்று அம்மா அதட்டினாள்). இறுக மூடும் எவர்சில்வர் டிரம்மில் கொட்டி, காய்ந்த வேப்பிலையையும் வசம்பையும் துணியில் முடிந்து உள்ளே வைத்தேன். மூடியில் வாங்கிய தேதி. பழையது தீர்ந்த பிறகுதான் புதியது டிரம்முக்குள் போகிறது.

குடிக்க 20 லிட்டர் கேன் மூன்று. பரணில் வைக்கவில்லை; இறக்க என் முதுகு ஒத்துக்கொள்ளாது.