பாட்டையா வக்கீலா, எம்.எல்.சி.யா? செட்டிநாட்டு வக்கீல் ஒருவரின் வாழ்க்கையைத் திரட்டும் முறை

1900க்கும் 1940க்கும் இடையில் வக்கீல் தொழில் பார்த்து, சட்டசபைக்கும் போய்வந்த ஒருவரைப் பற்றிக் குடும்ப மலருக்கோ பள்ளி நூற்றாண்டு மலருக்கோ எழுத உட்காருகிறவர்கள், முகப்பில் மாட்டியிருக்கும் படத்திலிருந்தும் பெரியவர்களின் பேச்சிலிருந்தும்தான் தொடங்குகிறார்கள். ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள அது போதும். எந்த வருஷம், எந்தக் கோர்ட், எந்தப் பதவி என்பதற்குப் போதாது. தாலுகா போர்டு மெம்பராக இருந்தவர் இரண்டு தலைமுறை கழிந்ததும் எம்.எல்.சி., அதாவது சட்டசபை மெம்பர், ஆகிவிடுவார். ஆனரரி மாஜிஸ்திரேட், ‘ஜட்ஜ் ஐயா’ ஆகிவிடுவார். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. பேச்சில் பதவிகள் தானாகவே உயர்ந்துவிடும். ஆகவே குணத்தையும் பழக்கவழக்கத்தையும் வீட்டில் கேளுங்கள். தேதியையும் பதவியையும் அச்சான பதிவுகளில் பாருங்கள்.

முதல் வேலை: விலாசம்

காகிதத்தைத் தொடுவதற்கு முன் பெயரைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் வீடுகளில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர். அண்ணன் தம்பி இருவரின் மூத்த பிள்ளைகளுக்கும் அதே பெயர். ஒரே வளவில் (கூட்டுக் குடும்ப வீட்டில்) ஒரே காலத்தில் இரண்டு மூன்று பழனியப்பன்கள் இருப்பார்கள். வேறுபடுத்திக் காட்டுவது விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் முன்னோர் பெயர்ச் சுருக்கம், ஒன்றுதான். ‘சித. ராம. பழனியப்பன்’ என்றால் சிதம்பரத்தின் பேரன், ராமநாதனின் மகன். சுவீகாரம் (தத்து) போனவருக்கு விலாசமே மாறிவிடும். இருபது வயது வரை ஒரு விலாசமும் அதன்பின் வேறொன்றும் தெரிந்தால், ஆள் இரண்டு என்று முடிவுகட்டுவதற்கு முன் சுவீகாரம் நடந்ததா என்று விசாரியுங்கள். திருமணத்தின்போது எழுதிய இசைகுடிமானம் கிடைத்தால் பெரும்பாலும் அதிலேயே விடை இருக்கும். யார் மகன், எந்த ஊர், எந்தக் கோயில் பிரிவு என்பதெல்லாம் அதில் வரும்.

விலாசம் இங்கிலீஷ் பதிவுகளுக்குள் போகும்போது உருமாறும். பழ. என்பது பி.எல். ஆகும், ராம. ஆர்எம். ஆகும், சித. சிடி. ஆகும், அரு. ஏஆர். ஆகும். இதில் வக்கீல்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. அக்காலத்துச் சட்டப் பட்டமும் தமிழில் ‘பி.எல்.’தான். பெயருக்கு முன்னால் வரும் பி.எல். பழனியப்பனையோ பழனியப்பரையோ குறிக்கும் விலாசம். பெயருக்குப் பின்னால் வருவது பட்டம். பத்திரிகைச் செய்தியைக் கைப்பிரதி எடுக்கும்போது இந்த இடம் மாறிப்போய், லேவாதேவிக்காரர் ஒருவர் வக்கீலாகிவிடலாம். அதோடு செட்டி, செட்டியார் என்று இரண்டு விதமாகவும் எழுதியிருப்பார்கள். பெயரைத் தேடத் தொடங்கும் முன் சாத்தியமான எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் யார் ஆட்சியில் இருந்தது

செட்டிநாடு என்பது நிர்வாக எல்லை அல்ல. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எல்லாம் பிரிட்டிஷ் சென்னை மாகாணத்தில் இருந்தவை. 1910க்கு முன் மதுரை ஜில்லா, அதன்பின் ராமநாதபுரம் ஜில்லா. ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, குழிபிறை, பொன்னமராவதி எல்லாம் புதுக்கோட்டை சமஸ்தானம். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி ஜில்லாவுக்குள் போனது. இது தெரியாமல் காரைக்குடிக்காரரின் 1905ஆம் ஆண்டு விஷயத்தை ராமநாதபுரம் கட்டுகளில் தேடினால் நாள்தான் வீணாகும்.

ஒரு எடுத்துக்காட்டு: வக்கீல் எஸ். சத்தியமூர்த்தி 1887 ஆகஸ்ட் 19இல் திருமயத்தில் பிறந்தவர். ‘புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்தார்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த மாவட்டம் உண்டானது 1974இல். அவர் பிறந்தபோது அது சமஸ்தான ஊர். படித்தது புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும் சென்னையிலும். 1923இல் போனது சென்னைச் சட்டசபைக்கு. பிறப்பு ஒரு ஆட்சியில், பதவி இன்னொரு ஆட்சியில். செட்டிநாட்டுக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான். எழுதும்போது அன்றைய ஆட்சிப் பெயரை முதலில் போட்டு, இன்றைய மாவட்டத்தை அடுத்துச் சொல்லுங்கள்.

தேதி மாற்றுவது

வீட்டு ஏடுகளில் தேதி ‘ரௌத்திரி ௵ தை ௴ 5 ௳’ என்று இருக்கும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். கணக்கு வரிகளில் ௹ ரூபாய், ௸ மேற்படி. சித்தார்த்தி 1919-20, ரௌத்திரி 1920-21, துன்மதி 1921-22, துந்துபி 1922-23, ருத்ரோத்காரி 1923-24. சித்திரை முதல் கார்த்திகை வரை முதல் எண். தை, மாசி, பங்குனிக்கு இரண்டாவது எண். மார்கழிதான் இடறும். அதன் முதல் பாதி டிசம்பரிலும் மறு பாதி ஜனவரியிலும் விழும். நாளைப் பார்க்காமல் வருஷம் போடாதீர்கள்.

அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். சர்வஜித்து என்றால் 1887-88 ஆகவும் இருக்கலாம், 1947-48 ஆகவும் இருக்கலாம். இந்தத் தொல்லையே ஒரு வகையில் உதவியும் செய்யும். மணிவிழா அழைப்பிதழ் கிடைத்தால் அதிலுள்ள வருஷப் பெயரும் பிறந்த வருஷப் பெயரும் ஒன்றுதான். அறுபதைக் கழித்தால் பிறந்த ஆண்டு வந்துவிடும். ஜாதகம் தொலைந்த வீடுகளில் இதுவே நம்பகமான வழி.

பெட்டகத்தைத் திறக்கும்போது

கட்டுகளைக் கயிறு அவிழ்க்கும் முன்பே, இருந்த வரிசையில் படம் எடுத்துவிடுங்கள். எந்தக் காகிதம் எதோடு இருந்தது என்பதும் ஒரு சான்று. துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாள் கிழியும். தாளைத்தான் ஊசியிலிருந்து மெல்ல விலக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட பக்கங்களுக்குத் தண்ணீர் ஆகாது, மை ஓடிவிடும். செலோடேப் வேண்டவே வேண்டாம். பத்து வருஷத்தில் பழுப்பேறி எழுத்தையும் தின்றுவிடும். கையுறை போட்டால் பொடியும் தாளின் விளிம்பு தெரியாது. கழுவி ஈரம் போகத் துடைத்த கையே போதும்.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு வளவு வாசலுக்குக் கொண்டுவந்து, வெயில் படாத இடத்தில் சற்றுச் சாய்வாக வைத்து எடுங்கள். ஸ்கேன் செய்வதானால் காகிதத்துக்கு 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600. பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். ஸ்டுடியோ பெயரும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும்.

வக்கீல் தொழில்

‘வக்கீல்’ என்பது அன்று ஒரே படித்தரம் அல்ல. ஜில்லா கோர்ட்டோடு நிற்கும் பிளீடர் உண்டு. ஹைகோர்ட் வக்கீல் உண்டு. லண்டன் போய்வந்த பாரிஸ்டர் உண்டு. 1926ஆம் ஆண்டு பார் கவுன்சில் சட்டத்துக்குப் பின்தான் ஹைகோர்ட் அளவில் எல்லோரும் அட்வகேட் என்ற ஒரே பெயருக்குள் வரத் தொடங்கினார்கள். 1915இல் ஒருவரை ‘அட்வகேட்’ என்று வீட்டார் சொன்னால், பெயர்ப்பலகை பிற்காலத்ததாக இருக்கலாம், சரிபாருங்கள். பட்டம் வாங்கிய வருஷத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகக் காலண்டரில் பட்டதாரிகள் பட்டியலைப் பாருங்கள்.

வழக்குகளுக்கு 1876இல் தொடங்கிய இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் சென்னை வரிசையும் 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலும் இருக்கின்றன. தீர்ப்போடு இரு தரப்பு வக்கீல் பெயரும் அச்சாகியிருக்கும். சட்டப் பிரச்சினை எழுந்த வழக்குகள் மட்டுமே அவற்றில் ஏறும். பெயர் கிடைக்கவில்லை என்பதால் தொழில் செய்யவில்லை என்றாகாது. கீழ்க்கோர்ட் கட்டுகளுக்குத் தேவகோட்டை போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 1942 ஆகஸ்ட் கிளர்ச்சியில் அந்தக் கோர்ட் தீக்கிரையானது. அதற்கு முந்தைய வழக்கென்றால் அப்பீல் போனதா என்று சென்னையில் பார்ப்பதே மேல்.

சட்டசபை

இங்கேதான் அதிகத் தவறு நேர்கிறது. 1919 சீர்திருத்தத்தின்படி முதல் தேர்தல் 1920 நவம்பரில். சபை கூடியது 1921 ஜனவரியில். பிறகு 1923, 1926, 1930. முப்பதில் தேர்ந்தெடுத்த சபையே 1937 வரை நீடித்தது. ஆகவே ‘1928 தேர்தலில் ஜெயித்தார்’ என்று வீட்டில் சொன்னால் அது பொதுத்தேர்தல் அல்ல. இடைத்தேர்தலாகவோ நியமனமாகவோ இருக்கலாம், லோக்கல் போர்டாகவும் இருக்கலாம்.

எம்.எல்.சி. என்ற எழுத்துகளையும் தேதி பார்த்தே படிக்க வேண்டும். 1937க்கு முன் இருந்தது ஒரே சபை, அதன் மெம்பர் எம்.எல்.சி. 1937 முதல் இரண்டு சபை: 215 இடங்கள் கொண்ட கீழ்ச்சபைக்காரர் எம்.எல்.ஏ., மேல்சபைக்காரர் எம்.எல்.சி. தொகுதியைத் தேடும்போது ராமநாதபுரம் பட்டியலோடு நிற்காதீர்கள். நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கென்று தனித்தொகுதி ஒன்று இருந்தது. நிலச்சுவான்தார், பல்கலைக்கழகத் தொகுதிகளும் இருந்தன. சமஸ்தானத்துக்காரர் என்றால் 1924இல் ஏற்பட்ட புதுக்கோட்டைச் சட்டசபையையும் பாருங்கள். அதன் மெம்பரையும் எம்.எல்.சி. என்றே ஊரில் சொல்லியிருப்பார்கள்.

சபை நடவடிக்கைத் தொகுதிகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். பேச்சை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அவர் கேட்ட கேள்விகளில்தான் ஊர் தெரியும்: ரோடு, கண்மாய், ஆஸ்பத்திரி, ரயில். மசோதாவுக்கு ஓட்டெடுத்த இடத்தில் ஆதரவு, எதிர்ப்புப் பெயர்ப் பட்டியல் இருக்கும். குடும்ப மலரில் ‘தேவஸ்தான மசோதாவை ஆதரித்தார்’ என்று எழுதும் முன் அந்தப் பட்டியலில் அவர் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள். ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களுக்கு அரசு கெஜட். உள்ளூர்ச் செய்திக்குக் காரைக்குடியிலிருந்து வந்த ஊழியன், குமரன் இதழ்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த பழந்தமிழ் அச்சுத் தொகுப்பு இப்போது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

ரிஜிஸ்டர் ஆபீஸ்

சொத்து, பாகப்பிரிவினை எல்லாம் 1ஆம் புத்தகம். கட்டணம் செலுத்தி யாரும் நகல் கேட்கலாம். உயில் 3ஆம் புத்தகம். எழுதியவர் காலமானபின் யாருக்கும் நகல் உண்டு. ரங்கூனுக்கோ பினாங்குக்கோ ஏஜெண்டை அனுப்பக் கொடுத்த பவர் (அதிகாரப் பத்திரம்) போன்றவை 4ஆம் புத்தகம். சம்பந்தப்பட்டவர்களோ அவர்களின் வாரிசோ மட்டுமே கேட்க முடியும். ஆகவே வாரிசுகளில் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். வழக்கு இன்னும் நடக்கிற பங்காளிச் சொத்தென்றால் அந்தப் பத்திரத்தை மலரில் அச்சிடாமல் விடுவதே நல்லது. வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.