உத்தியோகத்தர் கடன் கேட்டால்

திருகோணமலை மத்திய வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். அரச கந்தோர்க்காரர் கடன் கேட்டால் முதலில் இதைப் பாருங்கள்: உங்கள் அனுமதிப்பத்திரமோ பில்லோ அவர் மேசையில் கிடக்கிறதா? கிடந்தால் காசுக்கு மட்டும் கொடுங்கள்.

மற்ற உத்தியோகத்தர்களுக்குக் கடன் கொடுக்கலாம், ஆனால் எல்லோருக்கும் உள்ள அதே விலை, அதே தவணை. கொப்பியில் திகதி, சாமான், தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என் பழைய கொப்பியில் எட்டுப் பை சீமெந்துக்கு நேரே "பிறகு" என்று மட்டும் இருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பக்கம் உறுத்துகிறது.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி, காரியம் முடிக்கக் கடனைத் தள்ளிவிடுவதும் இலஞ்சம்தான். வாங்கியவரோடு கொடுத்தவரும் மாட்டுவார். "கணக்கை விடு தம்பி, பேப்பரை நான் பார்க்கிறேன்" என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழையுங்கள்.