பட்டம் முடித்தவர் அணி மாறலாமா? வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், பட்டம் வாங்கிய வீரர் வேறு கல்லூரியில் மேற்படிப்பு சேர்ந்து அங்கே உடனே ஆடலாம். இதற்கு கிராஜுவேட் டிரான்ஸ்பர் என்று பெயர். நியாயமா, இல்லையா என்று பல வருடமாகச் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப வரும் சில தவறுகள் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகின்றன.

ஒன்று, இதைக் கூடுதல் சலுகையாகப் பார்ப்பது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.யின் முதல் பிரிவில் ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பதுதான் வெகுகாலமாக இருந்த கணக்கு. காயத்தால் ஒரு வருடம் போனாலோ, மூன்றே வருடத்தில் படித்து முடித்தாலோ, பட்டம் கைக்கு வரும்போது சீசன் மிச்சம் இருக்கும். அவர் ஆடுவது அந்த மிச்சத்தைத்தான். கொரோனா காலமான 2020-21 சீசனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்களே, அது எல்லா மாணவர்களுக்கும் கிடைத்தது. இந்த விதியால் வந்ததல்ல.

அதைவிடப் பெரிய தவறு, விசுவாசத்தை மாணவரிடம் மட்டும் கேட்பது. கேமரன் ஜான்சன் கதையைப் பாருங்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதல் சீசனில் காயம்பட்டு உட்கார்ந்தார். மூன்று வருடத்தில் பட்டத்தை முடித்தார், இரண்டு சீசன் பாக்கி இருந்தது. 2017இல் வட கரோலினாவுக்குப் போக நினைத்தபோது, இரண்டும் ஒரே லீக்கில் இருப்பதால் போகலாம், ஆனால் ஒரு வருடம் ஆடக் கூடாது என்றது பிட்ஸ்பர்க். இத்தனைக்கும் அவரை அங்கே கூட்டிவந்த பயிற்சியாளர் ஜேமி டிக்சன் 2016இலேயே டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவரை யாரும் ஒரு வருடம் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. கடைசியில் பிட்ஸ்பர்க் இறங்கிவந்தது. ஜான்சன் இரண்டு சீசன் ஆடினார், தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2019இல் 11ஆவதாகத் தேர்வானார். படித்து முடிப்பேன் என்று சொல்லிச் சேர்ந்த பையன் முடித்தும் காட்டிவிட்டான். அதற்கு மேல் அந்தக் கல்லூரிக்கு அவன் என்ன கடன்பட்டிருக்கிறான்?

'மேற்படிப்பெல்லாம் சும்மா பேருக்கு' என்ற வாதமும் அடிக்கடி வரும். பலர் மேற்படிப்பை முடிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கவலையைத் தீர்க்க வந்த விதிகள் என்ன செய்தன? 2006இல் பட்டதாரிகள் தாராளமாக மாறலாம் என்று விதி வந்தது. 2007 ஜனவரியிலேயே கல்லூரிகள் வாக்களித்து அதைத் தூக்கிவிட்டன. அப்புறம், சொந்தக் கல்லூரியில் இல்லாத படிப்பைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போகலாம் என்று வழி விட்டார்கள். பிடித்த படிப்பைத் தேட வேண்டியவர், தன் கல்லூரியில் எது இல்லை என்று தேட வேண்டிய நிலை. 2019இல் வந்த இன்னொரு யோசனைப்படி, அந்த மாணவரின் ஸ்காலர்ஷிப் இடம் மேற்படிப்புக் காலம் முழுக்க அணியின் கணக்கிலேயே நிற்கும். அப்போது ஆண்கள் அணிக்கு மொத்தமே 13 இடம். ஒரே சீசன் ஆடப்போகிறவருக்கு எந்தப் பயிற்சியாளர் இடம் கொடுப்பார்? நல்லவேளை, அது தோற்றது.

சின்னக் கல்லூரிகளின் வலியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் கண்டுகொள்ளாத ஒருவரை வளர்த்து எடுத்தபின், கடைசி வருடம் பெரிய அணி கொண்டுபோனால் மனசு வலிக்கத்தான் செய்யும். தெற்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் ஆடிய மேட் மூனி, டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்குப் போய் 2019 தேசிய இறுதி ஆட்டம்வரை வந்தார். ஆனால் எல்லா மாற்றத்தையும் பறிப்பு என்று சொல்வது தவறு. மூனியே ஏர் ஃபோர்ஸ் என்ற விமானப்படைக் கல்லூரியிலிருந்து தெற்கு டகோட்டாவுக்கு மாறிவந்தவர்தான். ஹார்வர்ட் போன்ற பழைய பல்கலைக்கழகங்கள் ஆடும் ஐவி லீக்கில் மேற்படிப்பு மாணவர்கள் ஆடவே கூடாது என்று வழக்கம்; ஹார்வர்டில் சீசன் மிச்சமிருந்த பிரைஸ் ஐகென் 2020இல் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஹார்வர்டிலேயே இருந்திருந்தால் அவர் ஆடியிருக்க முடியாது.

கடைசியாக ஒரு குழப்பம்: இன்றைய கூத்துக்கெல்லாம் இந்த விதியைக் குற்றம் சொல்வது. மாற நினைக்கும் வீரர்கள் பெயரைப் பதியும் இணையப் பட்டியலான டிரான்ஸ்பர் போர்ட்டல் வந்தது 2018 அக்டோபரில். பட்டம் முடிக்காதவர்களும் ஒருமுறை மாறி, ஒரு வருடம் உட்காராமல் உடனே ஆடலாம் என்றானது 2021இல். வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம் என்றானதும் அதே வருடம்தான். 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. வருடத்துக்கு ஓர் அணி என்று தாவுவது சரியில்லை, கட்டுப்பாடு வேண்டும் என்று நினைப்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் அப்படி ஒரு விதி திரும்ப வந்தால், பட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்களை அதில் சேர்க்கக் கூடாது.