முப்பது வெள்ளிக்குள்ள ஸ்பெயின் ரெட் வைன்: ருசி பாத்து எடை போடறது எப்படி

சூப்பர்மார்க்கெட் ரேக் முன்னாடி நின்னு முழிச்சிட்டு கடைசில லேபிள் அழகா இருக்கற பாட்டிலை எடுத்துட்டு வர்ற ஆளா நீங்க? அப்ப முதல்ல வரியைப் பத்தி பேசணும், ருசி அப்புறம். சிங்கப்பூர்ல வைனுக்கு வரி போடறது அதுல இருக்கற சுத்த ஆல்கஹாலுக்கு, லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலரைத்தான் வெள்ளின்னு சொல்றோம்). 750 மில்லி பாட்டில்ல 14% இருந்தா 0.105 லிட்டர், ஆக வரி 9 வெள்ளி 24 காசு, அதுக்கு மேல 9% ஜிஎஸ்டி. உள்ள இருக்கறது அமிர்தமா கழனித்தண்ணியான்னு வரிக்குக் கவலை கிடையாது, எல்லா பாட்டிலுக்கும் ஏறக்குறைய அதே காசுதான்.

இப்ப கணக்கு போட்டு பாருங்க. 18 வெள்ளி பாட்டில்ல வரியும் ஜிஎஸ்டியும் போக மிஞ்சறது 7 வெள்ளி சொச்சம், அதுலதான் தோட்டக்காரன், கண்ணாடி, கார்க், கப்பல், இறக்குமதி பண்றவன், கடைக்காரன் எல்லாரும் பங்கு போட்டுக்கணும். 28 வெள்ளி பாட்டில்னா மிஞ்சறது 16 வெள்ளிக்கு மேல. பத்து வெள்ளி கூடப் போட்டா வைனுக்குன்னு போற காசு ரெண்டு மடங்கைத் தாண்டிடுது, அதனால நான் ரேக்ல அடிமட்ட விலையைத் தொடவே மாட்டேன், 28, 30ன்னு போட்டிருக்கறது ப்ரொமோஷன்ல 22க்கு வரும்போது ரெண்டா எடுத்துக்குவேன்.

அடுத்து லேபிள். ஸ்பெயின்ல கிரியான்சா, ரிசர்வா, கிரான் ரிசர்வான்னு எழுதியிருந்தா அது எவ்வளவு காலம் வச்சு வித்தாங்கன்னு சொல்ற சட்டப் பேச்சு. அங்க ரியோஹாங்கற வைன் வட்டாரத்துல கிரியான்சா ரெட்னா மொத்தம் ரெண்டு வருஷம், அதுல குறைஞ்சது ஒரு வருஷம் ஓக் பீப்பாய்ல. ரிசர்வா மூணு வருஷம், அதுலயும் பீப்பாய்ல குறைஞ்சது ஒரு வருஷம். கிரான் ரிசர்வா அஞ்சு வருஷம், பீப்பாய்ல ரெண்டு. பாட்டில் பின்னாடி ஒட்டியிருக்கற முத்திரையோட கலரை வச்சே கண்டுபிடிக்கலாம், கிரியான்சாவுக்கு சிவப்பு, ரிசர்வாவுக்கு கருஞ்சிவப்பு, கிரான் ரிசர்வாவுக்கு நீலம், பச்சைன்னா இந்த வகை எதுலயும் சேராத சாதாரண ரியோஹா. ஆனா காலம் கூடினா தரம் கூடும்னு அர்த்தம் இல்லை. சுமாரான திராட்சையை அஞ்சு வருஷம் வச்சா சுமாரான பழைய வைன்தான் வரும். எங்கயோ ஒரு பேர் தெரியாத ஊர் கிரான் ரிசர்வா 20 வெள்ளிக்கு நின்னா நான் தள்ளியே நிப்பேன், அதே காசுக்கு ரியோஹா கிரியான்சா எவ்வளவோ மேல்.

ரியோஹாவோட முக்கியமான திராட்சை டெம்ப்ரனியோ. இதே திராட்சைக்கு ஊருக்கு ஊர் பேர் மாறும், ரிபேரா டெல் டுவேரோல டின்டோ ஃபினோ, டோரோல டின்டா டி டோரோ, லா மான்சா பக்கம் சென்சிபெல், அதனால வேற பேரைப் பாத்து புது ஜாதின்னு ஏமாற வேணாம். ரிபேராவுக்கு இப்ப பேர் கூடிப்போச்சு, அதனால விலையும் கூடிப்போச்சு. குறைஞ்ச காசுக்கு நிறைய பழம் வேணும்னா கம்போ டி போர்ஹா, கலாத்தாயூத் பக்கத்துல கர்னாச்சாங்கற திராட்சைல பண்ற வைனை எடுங்க. கறுப்பா, கனமா வேணும்னா ஹுமியா ஊரோட மொனாஸ்த்ரெல் திராட்சை வைன். எனக்குக் கேட்டா இந்த விலைல ஸ்பெயினை அடிக்க ஆள் இல்லை, காரணம் அங்க வயசான கொடிகள் நிறைய, நிலமும் பேர்போன பிரெஞ்சு ஊருங்க மாதிரி விலை ஏறிக் கிடக்கலை.

கடையில பணம் குடுக்கறதுக்கு முன்னாடி பாட்டில் கழுத்தைத் தடவிப் பாருங்க. மூடி மேல கார்க் கொஞ்சம் பிதுங்கியிருந்தாலோ ஓரத்துல பிசுபிசுன்னு வைன் வடிஞ்ச தடம் இருந்தாலோ அது சூடு தின்ன பாட்டில், நம்ம ஊர்ல இது நடக்கும், கன்டெய்னர்லயோ வெயில் படற கண்ணாடி ஓரத்துலயோ வெந்துருக்கும். திறந்து பாத்தா பழம் வேகவச்ச ஜாம் மாதிரி தட்டையா இருக்கும். நீங்களும் வாங்கிட்டு வந்து கார்ல விட்டுட்டு சாப்பிடப் போகாதீங்க.

ரெட் வைனை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்லுவாங்க, அது குளிர் ஊர்க்காரன் சொன்னது, அவன் ரூமுக்கு சரி. நம்ம ஹெச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு ஹால்ல 30 டிகிரி, அந்த சூட்டுல ஊத்தினா மூக்குல முதல்ல ஏறறது ஸ்பிரிட் நெடிதான், பழ வாசனை பின்னாடி ஒளிஞ்சுக்கும். 16லேர்ந்து 18 டிகிரி வேணும், அதுக்கு ஒன்றரை மணி, ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க, அவசரம்னா ஐஸும் தண்ணியும் கலந்த வாளில பத்துப் பதினஞ்சு நிமிஷம். இளசான கர்னாச்சாவை இன்னும் கொஞ்சம் குளிரா குடிச்சாலும் நல்லாத்தான் இருக்கும். இந்த ஒண்ணை மட்டும் சரியா செஞ்சாலே போன வாரம் பிடிக்காத பாட்டில் இந்த வாரம் பிடிச்சாலும் பிடிக்கும்.

ருசி பாக்கற அன்னிக்கு சாம்பிராணி, ஊதுபத்தி, சென்ட் எதுவும் வேணாம், அடுப்புல கறி தாளிக்கறதும் அப்புறம் வச்சுக்கலாம். கீழ அகலமா, வாய் பக்கம் குவிஞ்ச கிளாஸ், அதுல மூணுல ஒரு பங்கு மட்டும் ஊத்துங்க. வெள்ளைத் தாள் மேல சாச்சுப் பாருங்க. கர்னாச்சா வெளிறி இருக்கறது அதோட சுபாவம், மொனாஸ்த்ரெல் கீழ இருக்கற எழுத்தே தெரியாத அளவு கறுத்திருக்கும், அதனால கலர் அடர்த்தியை வச்சு மார்க் போடாதீங்க. ரெண்டு வருஷ வைன்ல ஓரம் செங்கல் பழுப்பா தெரிஞ்சா மட்டும் சந்தேகப்படுங்க.

அப்புறம் மூக்கு. ஆட்டாம ஒருதடவை, நல்லா சுழட்டிட்டு ஒருதடவை. டெம்ப்ரனியோல செர்ரி, ப்ளம், கொஞ்சம் புகையிலை வாசம், பழைய பாணி ரியோஹான்னா அமெரிக்கன் ஓக்லேர்ந்து வர்ற வெனிலாவும் தேங்காயும், பிரெஞ்சு ஓக்னா கிராம்பு பக்கம் போகும். மொனாஸ்த்ரெல்ல எனக்கு நாவல்பழமும் பேரீச்சையும்தான் வரும், உங்களுக்கு வேற வரலாம், தப்பில்லை. கவனிக்க வேண்டியது ஒண்ணுதான்: பழம் முன்னாடி நிக்குதா மரம் முன்னாடி நிக்குதா? வெறும் வெனிலா மட்டும் மூக்குல அடிச்சுட்டு உள்ள ஒண்ணும் இல்லைனா மட்டமான வைனுக்கு மேக்கப் போட்டுருக்காங்கன்னு அர்த்தம். விலை குறைஞ்ச வைன்ல பீப்பாய்க்குப் பதிலா ஓக் துண்டுகளை ஊறப்போடறதும் உண்டு. நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம் வந்தா கார்க் கெட்டுப்போனது, ஆட்டினாலும் போகாது, திருப்பிக் குடுங்க. நெயில் பாலிஷ், வினிகர் நெடி தூக்கலா இருந்தாலும் அப்படித்தான். கருகின தீக்குச்சி வாசனைன்னா பயப்படாதீங்க, கொஞ்சம் காத்து பட்டா பெரும்பாலும் போயிரும்.

வாய்ல ஒரு மடக்கு எடுத்து அஞ்சு செகண்ட் சுத்தவிடுங்க. நாக்கு ஓரத்துல எச்சில் ஊறினா அது புளிப்பு, ஈறு இழுத்துப் பிடிச்சா துவர்ப்பு, தொண்டைல சுள்ளுனு இறங்கினா ஆல்கஹால். இந்த மூணும் பழமும் ஒண்ணையொண்ணு மிதிக்காம இருந்தா அதுதான் நல்ல வைன், அவ்வளவுதான் விஷயம். குறைஞ்ச விலை வைன்ல பெரும்பாலும் குறைஞ்சுபோறது புளிப்பு. வெயில் ஊர் திராட்சை பழுத்துக் கொழுத்து 15% வரைக்கும் போயிருக்கும், முதல் மடக்கு பிரமாதமா இருக்கும், ரெண்டாவது கிளாஸ் இறங்காது. முழுங்கினதுக்கப்புறம் ருசி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு மனசுக்குள்ள எண்ணுங்க, பத்து செகண்ட் நின்னா இந்த விலைக்குத் தாராளம். நாலு பாட்டில் பாக்கறீங்கன்னா துப்பிட்டுப் போங்க, வெக்கப்பட ஒண்ணுமில்லை. நடுவுல தண்ணியும் க்ரீம் க்ராக்கரும் போதும்.

முடிஞ்சா பாட்டிலை அலுமினியம் ஃபாயில்ல சுத்தி நம்பர் போட்டு பாருங்க. ஒருதடவை செங்காங்ல ஒரு அண்ணன் வீட்டுல இப்படி வச்சோம், அவரு விஸ்கி ஆளு, ஒண்ணாம் நம்பர் கர்னாச்சாவை வாய்ல வச்சுட்டு "என்னடா தம்பி இது, சப்புனு இருக்கு, அந்த மூணாம் நம்பர்தான் சரக்கு"ன்னாரு. மூணாம் நம்பர் 15% மொனாஸ்த்ரெல். அண்ணி மட்டன் சுக்கா கொண்டு வந்து வச்சாங்க, நல்லா மிளகு காரம், ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு மூணாம் நம்பரை எடுத்தவரு மூஞ்சி சுளிச்சுட்டு பேசாம ஒண்ணாம் நம்பருக்குக் கைய நீட்டினாரு. ஆல்கஹாலும் துவர்ப்பும் தூக்கலா இருந்தா காரத்தை இன்னும் ஏத்திவிடும், அதான் காரணம். காரமான சாப்பாட்டுக்கு துவர்ப்பு கம்மியா, லேசா குளிர வச்ச கர்னாச்சாவோ இளசான டெம்ப்ரனியோவோ. காரம் இல்லாத ஆட்டுக்கறி ரோஸ்ட்னா மொனாஸ்த்ரெல் கலக்கும். மீன் தலைக்கறிக்கு ரெட் வேணாம், பீர் குடிங்க.

மிச்சம் இருந்தா கார்க்கைத் திருப்பிப் போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் ஒரு கிளாஸ் ஊத்திப் பாருங்க, எனக்கு இதுதான் கடைசிப் பரீட்சை. மேக்கப் போட்ட வைன் ஒரே ராத்திரில சப்புனு ஆகி மரமும் இனிப்பும் மட்டும் மிஞ்சும், உருப்படியான வைன் மறுநாள் இன்னும் கொஞ்சம் மிருதுவாகி நல்லாவே இருக்கும். பாஸ் ஆனதோட பேரையும் வருஷத்தையும் போன்ல போட்டோ எடுத்து வைங்க. ராத்திரி 10.30க்கு மேல கடையில விக்க மாட்டாங்க, அதனால பார்ட்டி அன்னிக்கு கடைசி நேரம் ஓடாதீங்க. வெளிநாடு போய் 48 மணி நேரத்துக்கு மேல இருந்துட்டு திரும்பறீங்கன்னா ரெண்டு லிட்டர் வைன் வரைக்கும் வரி இல்லாம கொண்டு வரலாம், மலேசியாலேர்ந்து வந்தா மட்டும் அந்த சலுகை கிடையாது.