இரைச்சல் நின்றால் காது சுகமாகிவிட்டதா?

திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அடுத்த நாள் காது அடைத்துக் ‘கொய்ங்’ என்று இரையும். இரண்டு நாளில் அது நின்றதும் சுகமாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். பெரிய தவறு இதுதான்.

உட்காதின் நத்தைச் சுருளில் சத்தத்தை நரம்புக்குக் கடத்தும் உள் மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 3,500 உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் பத்து, இருபது நரம்பு நுனிகள் ஒட்டியிருக்கும். பெருஞ்சத்தத்தில் மயிர்க்கலம் நரம்புக்குச் செய்தி கடத்தும் குளுட்டமேற்று என்ற இரசாயனத்தை அளவுக்கு மீறிக் கொட்ட, நுனி வீங்கிக் கழன்றுவிடும். 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் சுண்டெலிகளை 100 டெசிபல் சத்தத்தில் 2 மணிநேரம் வைத்தார்கள். இரண்டு வாரத்தில் கேட்கும் திறன் பழையபடி வந்தது. மயிர்க்கலங்களும் அப்படியே இருந்தன. ஆனால் உயர்சுருதிப் பகுதியில் மயிர்க்கலத்தோடு நரம்பு நுனி சேரும் இணைப்புகளில் பாதியளவு திரும்பி வரவேயில்லை. உயிரோடு இருக்கும் மனிதரின் காதில் இவற்றை எண்ணிப் பார்க்க வழியில்லை. அதற்காக நம் காதை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

‘கிளினிக்கில் காது நல்லம் என்றார்கள்’ என்பதோடு நிற்பது அடுத்த தவறு. அமைதியான அறையில் மெல்லிய ‘பீப்’ கேட்கிறதா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். ஆனால் முதலில் கழன்றுபோவது சத்தத்துக்கு நடுவே பேச்சைப் பிரித்துத் தரும் நரம்புகள் என்று கருதப்படுகிறது; அந்தச் சோதனையில் அது தெரியாது. ‘கூப்பிட்டால் கேட்குது, கலியாண வீட்டில் கதைத்தால் விளங்குதில்லை’ என்று வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள். எறிகணைச் சத்தத்துக்குள் இருந்து வந்தவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவரை ‘கவனிக்கிறேல்லை’ என்று ஏசாதீர்கள்.

காவல் கொட்டிலுக்குள் நின்று, யானையை விரட்டும் யானை வெடியைக் கொளுத்தாதீர்கள். ஒரே வெடி போதும், காது கெட. வெளியே நின்று கொளுத்தி எறிந்து, வெடிக்க முன்னரே இரு காதையும் பொத்துங்கள்.

பஞ்சு அடைப்பது அநேகமாக வீண். கடைகளில் விற்கும் ஸ்பொஞ்ச் அடைப்பானை மெல்லிதாக உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, அடைப்பானை உள்ளே செருகி 30 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் இருந்து வருவதுபோல் கேட்டால் சரியாக இருக்கிறது.

ஒரு நாளில் காது தாங்கக்கூடிய நேரம் 85 டெசிபலில் 8 மணிநேரம் என்றால், 88இல் 4 மணிநேரம், 100இல் 15 நிமிடம்தான். நெல் மில்லில், மரம் அரியும் இடத்தில் ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திக் கதைக்க வேண்டியிருந்தால் 85ஐத் தாண்டிவிட்டது. வெளியில் ஸ்பீக்கருக்கு உள்ள தூரத்தை 2 மீற்றரிலிருந்து 8 மீற்றராக்கினால் ஏறத்தாழ 12 டெசிபல் குறையும். பிள்ளையைத் தோளில் வைத்திருப்பவர்கள் இதைச் செய்தே ஆகவேண்டும்.

காது திடீரென்று கேட்காமல் போனால் நல்லெண்ணெய் காய்ச்சி விடாதீர்கள். மூன்று நாளுக்குள், முடிந்தால் அன்றைக்கே, காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போங்கள்.