உறுப்பினர் அல்லாத நாட்டுக்கு நாற்காலி போடும் முன்

டெல்லியில் பிராந்திய அமைப்புகளின் கோப்பு பார்க்கும் தமிழர்கள் அமைச்சகத்திலும் இருக்கிறார்கள், சாணக்கியபுரித் தூதரகங்களிலும் ஆய்வு மையங்களிலும் இருக்கிறார்கள். "இந்த நாடும் நம்மோடு சேர விரும்புகிறது, என்ன செய்யலாம்?" என்ற குறிப்பு ஒருநாள் உங்கள் மேசைக்கும் வரும். அப்போது அந்தஸ்தைப் பற்றி யோசிக்காதீர்கள். அந்த நாடு எந்தக் குழுவில், எந்த வேலையைச் செய்யும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அழைக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கைப் பாருங்கள். 2007 ஏப்ரலில் டெல்லியில் நடந்த 14-வது உச்சி மாநாட்டில்தான் பார்வையாளர்கள், அதாவது உறுப்பினர் அல்லாமல் அழைக்கப்பட்டவர்கள், முதன்முறையாக உட்கார்ந்தார்கள். பிறகு எண்ணிக்கை 9 ஆனது. சீனா, ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் உச்சி மாநாட்டு மேடையை ஒட்டியது. 2014 காத்மாண்டுவுக்குப் பின் உச்சி மாநாடே கூடவில்லை, அந்த நாற்காலிகளுக்கும் வேலையில்லாமல் போயிற்று. தொழில்நுட்பக் குழுவில் வேலை கொடுத்திருந்தால் இவ்வளவு மேடையை நம்பியிருக்க வேண்டியதில்லை.

அடுத்து, எந்த வாசல் வழியாக அழைப்பது? தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியானின் சாசனத்தில் 44-வது பிரிவு பல வாசல்களை வைத்திருக்கிறது: உரையாடல் கூட்டாளி, துறைசார் கூட்டாளி, வளர்ச்சிக் கூட்டாளி, சிறப்புப் பார்வையாளர், விருந்தினர். அந்தச் சாசனம் வருவதற்கு முன்பே இந்தியா இப்படிப் படிப்படியாகத்தான் ஏறியது. 1992-ல் துறைசார் கூட்டாளி, 1995-ல் முழு உரையாடல் கூட்டாளி, 2002-ல் உச்சி மாநாட்டு நிலைக் கூட்டாளி. சின்ன வாசலில் தொடங்குவது அவமானமில்லை.

இன்னொரு வாசல் ஒப்பந்தம். ஐரோப்பிய கவுன்சிலின் (இது ஐரோப்பிய ஒன்றியம் அல்ல, வேறு அமைப்பு) 2001 சைபர் குற்ற ஒப்பந்தத்தை எழுதும்போதே அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென்னாப்பிரிக்கா பங்கெடுத்தன. அந்தக் கவுன்சிலில் உறுப்பினராகாமலேயே இலங்கை 2015-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. உறுப்பினர் பதவியைத் தொடாமல் வேலையை மட்டும் பகிர இது நல்ல வழி.

வரைவுக் குறிப்பில் எதையும் ஊகத்துக்கு விடாதீர்கள். பேசலாமா, கேட்க மட்டுமா? ஆவணம் சமர்ப்பிக்கலாமா? எந்த நிலை ஆவணங்கள் கைக்கு வரும்? செலவு யாருடையது? எத்தனை ஆண்டுக்குப் பின் மறுபரிசீலனை? முடிவைத் தடுக்கும் உரிமை இல்லை என்று தனி வரியாகவே இருக்கட்டும். மறுபரிசீலனைத் தேதி இல்லாத அந்தஸ்தைப் பிறகு திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

பெரும்பாலும் தவறுவது அடுத்த இடத்தில்தான். சார்க்கில் எல்லா நிலையிலும் ஒருமித்த முடிவுதான், சாசனமே அப்படிச் சொல்கிறது. "தலைநகரிலிருந்து பதில் வரவில்லை" என்று ஒரே ஒரு உறுப்பு நாடு சொன்னால் போதும், கோப்பு நின்றுவிடும். ஆகவே வரைவைச் சுற்றுக்கு விடும் முன் ஒவ்வொரு தூதரகத்திலும் கோப்பைப் பார்க்கும் அதிகாரியை நேரில் சந்தியுங்கள். தயக்கம் நாட்டின் மீதா, வார்த்தையின் மீதா என்று அங்கேதான் தெரியும். வார்த்தை என்றால் அன்றைக்கே திருத்திவிடலாம்.

கூட்டம் டெல்லியில் என்றால் எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதி, உள்துறை அமைச்சகத்தின் அனுமதி, பிரதிநிதிகளுக்கு மாநாட்டு விசா: ஒன்று தாமதமானால் மற்றதும் தாமதம். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் வேண்டாம். மூடுபனியில் விமானம் திரும்பிப் போகும், குடியரசு தின ஒத்திகைக்குச் சாலையை மூடுவார்கள்.

அறையில் பெயர்ப் பலகைகளை நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். உறுப்பு நாடுகள் ஆங்கில அகரவரிசையில், அதன் பிறகு பார்வையாளர், பலகையில் அந்த நாடு தனக்கு வைத்திருக்கும் அதிகாரப்பூர்வப் பெயர். உறுப்பினர்களுக்கு மட்டுமான விஷயங்களை நிகழ்ச்சி நிரலில் முன்பே குறித்துக் கடைசியில் வையுங்கள். நடுவில் எழுந்து வெளியே போகச் சொன்னால் விருந்தாளியின் முகம் வாடும், அடுத்த முறை இளநிலை அதிகாரியைத்தான் அனுப்புவார்கள். கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள், அவர்கள் ஏற்ற வேலையும் அதற்கான தேதியும் தொடர்பு அதிகாரியின் பெயரும் அடங்கிய கடிதம் போய்ச் சேர வேண்டும்.