பன்றி இதயத்தைக் குப்பையில் போடும் முன்

எங்கள் ஆய்வகத்தில் இந்த வருடமும் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பன்றியின் ரத்தக்குழாயும் மனிதனுடையதும் மருந்துக்கு எப்படிச் சுருங்கி விரிகின்றன என்று ஒப்பிடுகிற வேலை. நான் ஆரம்பத்தில் அடித்த கூத்தை அவர்களும் ஒன்று விடாமல் அடிக்கிறார்கள். லேபிள் ஒட்ட மறப்பது, அடர்த்தியில் ஒரு சைபரை விட்டுவிடுவது எல்லாம் திட்டு வாங்கினால் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஐஸ் மேல் நேராக வைப்பது

காசிமேட்டு ஐஸ் மீனுக்குச் சரி. இதயம் குளிர்ந்த கிரெப்ஸ் கரைசலுக்குள் (திசுவை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசல்), டப்பா ஐஸுக்குள். உறைந்த தமனி உதவாது.

அசிடைல்கோலினுக்குச் சுருங்கியதும் "போச்சு" என்று முடிவுகட்டுவது

ரத்தக்குழாயின் உட்புறம் எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள் இருக்கின்றன. ஃபோர்செப்ஸ் முனை உரசினாலே உரிந்துவிடும். அது பிழைத்திருக்கிறதா என்று பார்க்க, வழக்கமாகச் சொல்லித்தருவது அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டுப் பார்ப்பது. முயலின் பெருந்தமனியில் எண்டோதீலியம் இருந்தால் குழாய் தளரும், உரிந்திருந்தால் தளராது என்று 1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். 1998-ல் நோபல் பரிசு வரை போன விஷயம்.

ஆனால் அது முயல். பன்றியின் கரோனரித் தமனியில் (இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்) எண்டோதீலியம் முழுசாக இருந்தாலும் அசிடைல்கோலின் தசையைப் பிடித்துச் சுருக்கத்தான் செய்யும்.

இது தெரியாமல் மூன்று வாரம் நல்ல இதயங்களைக் குப்பையில் போட்டேன். விடியற்காலையில் தெர்மோகோல் பெட்டியைக் கொண்டுவரும் அண்ணன்தான் என்னிடம் மாட்டினார். "லேட்டாகத்தான் எல்லாம் செத்துப்போகுது" என்று கத்துவேன். அவரோ, "கொருக்குப்பேட்டையில ரயில்வே கேட்டு போட்டுட்டான் சார், நான் இன்னா பண்றது?" என்பார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான்.

போன வாரம் புதுப் பெண் அதே முகத்தோடு நின்றாள். கழுவிவிட்டு, யு46619 என்ற மருந்தைப் போட்டு மறுபடி சுருங்க வைத்து, எண்டோதீலியம் வழியாகத் தளர்த்தும் பிராடிகினின் விடச் சொன்னேன். திரையில் கோடு சரசரவென்று இறங்கியது; குழாய் தளர்ந்துவிட்டது. சப்ஸ்டன்ஸ் பி-யும் இந்த வேலைக்கு ஆகும். பிராடிகினினுக்கு இறங்காமல், எண்டோதீலியம் இல்லாமலே தசையைத் தளர்த்தும் நைட்ரோபிரஸ்ஸைடுக்கு மட்டும் இறங்கினால் தசை நலம், எண்டோதீலியம் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம்.

இதில் இன்னொரு குழி. மனிதக் கரோனரித் தமனி நலமாக இருந்தால் அசிடைல்கோலினுக்கு விரியும். கொழுப்புப் படிந்திருந்தால் சுருங்கும் என்று 1986-லேயே நோயாளிகளிடம் பார்த்துவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு ஒருவன், "சார், இந்தப் பன்றிக்கு இதய நோய்" என்று எழுதிக்கொண்டு வந்தான். ஆறு மாதப் பன்றி அது!

கலங்கிய கிரெப்ஸ்

கார்போஜன் வாயு (ஆக்ஸிஜனும் கார்பன் டை ஆக்ஸைடும் கலந்தது) ஓடாமல் கால்சியம் ஊற்றியிருப்பீர்கள். கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

யாரை யாரோடு ஒப்பிடுகிறோம்

நமக்கு வரும் பன்றி இளசு, நோய் நொடி இல்லாதது. மனிதக் குழாய் பெரும்பாலும் பைபாஸ் அறுவையில் மிஞ்சிய துண்டு; கொடுத்தவருக்கு அறுபது வயது, சர்க்கரை, கூடவே ஸ்டாடின், நைட்ரேட் மாத்திரைகள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அது இனத்தாலா, வயதாலா, மாத்திரையாலா? போதாக்குறைக்கு, மிஞ்சுவது பல நேரம் காலிலிருந்து எடுத்த சஃபீனஸ் சிரை. அதைப் பன்றியின் கரோனரித் தமனியோடு ஒரே வரைபடத்தில் போடுகிறார்கள். சிரையைச் சிரையோடு வையுங்கள். கொடுத்தவரின் வயதையும் மருந்துகளையும், பெயர் இல்லாமல், ஒப்புதல் வாங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

ஒரு பன்றி, எட்டு வளையம்

ஒரே பன்றியின் தமனியிலிருந்து எட்டு வளையத் துண்டு வெட்டினாலும் எண்ணிக்கை ஒன்று. எட்டு இல்லை.